வேப்பெண்ணெய்க்கு முன்னால் முழுக்கைச் சட்டை

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பூங்காவுக்கு ஓடுகிற நான்கு மணிக்கும் விளக்கு வைக்கிற நேரத்துக்கும் நடுவில்தான், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு மும்முரமாகக் கடிக்கிறது. விடிந்த பிறகு இரண்டு மணி நேரம் அதற்கு இன்னொரு வேளை. நாமோ இருட்டிய பிறகுதான் ஜன்னலைச் சாத்துகிறோம், வலையைக் கட்டுகிறோம். ராத்திரி காதருகே பாடுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு. ஏடிஸின் சத்தம் பெரும்பாலும் காதில் விழாது; கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழும் தெரியாமல் கடித்துவிட்டுப் போய்விடும்.

மூச்சில் வரும் கரியமில வாயு, உடம்புச் சூடு, வியர்வை வாடை ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டுதான் கொசு ஆளைத் தேடி வருகிறது. ஓடியாடும் குழந்தையிடம் மூன்றுமே தாராளம். எதைப் பூசுவது என்று கேட்பதற்கு முன்னால் எதை உடுத்துவது என்று கேட்பதே சரி. தொளதொளப்பான பருத்தி முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை பேன்ட், காலுறை. உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸ் போதாது, துணிக்கு மேலாகவே கொசு குத்திவிடும். நிறத்துக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக்காற்றின் வாடை கிடைத்ததும் ஏடிஸ் கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நாடின. வெள்ளையையும் பச்சையையும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது காற்று. கொசு பறப்பதில் சூரன் இல்லை. திண்ணையிலோ மொட்டைமாடியிலோ குழந்தை விளையாடினால், கால் பக்கம் காற்று படும்படி ஒரு டேபிள் ஃபேனை வையுங்கள். கைக்குழந்தை என்றால் தள்ளுவண்டியை முழுக்க மூடும் வலை போதும். இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு எந்தக் கொசுவிரட்டியும், மூலிகை என்று எழுதியிருந்தாலும், வேண்டாம்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசிப் பார்த்த டெல்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு 1993இல் வெளியானது. மலேரியா கொசுவிடம் அது நன்றாகவே பலித்தது. ஏடிஸிடம் அந்த அளவுக்கு இல்லை. அளவைக் கவனியுங்கள்: 100 மில்லிக்கு 2 மில்லிதான். முதலில் முன்கையில் ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். விரல் சூப்பும் குழந்தைக்குக் கையில் பூசவே கூடாது. வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போனால் விஷம். அதைப் புகட்டியதால் வாந்தியும் வலிப்பும் வந்து மூளை பாதித்த கைக்குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981இலேயே எழுதியிருக்கிறார்கள்.

கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பூசும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கைவிடுவது நல்லது. கற்பூரம் கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பு வரலாம். நீலகிரித் தைலத்திலும் ஒரு குழப்பம் உண்டு. வெளிநாடுகளில் கொசுவிரட்டியாக ஒப்புதல் பெற்றது எலுமிச்சை வாசம் வீசும் வேறொரு யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் சரக்கு. அதையும் மூன்று வயதுக்குக் கீழ் பூசக் கூடாது என்கிறார்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் தைலம் அதுவல்ல. சிட்ரோனெல்லா எண்ணெய் ஓரிரு மணி நேரத்தில் ஆவியாகிவிடும். அதே வாசனையோடு மணிக்கட்டில் மாட்டிவிடும் ரப்பர் வளையம் காசுக்குக் கேடு.

நொச்சியைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். சென்னை மாநகராட்சியே ஒரு காலத்தில் வீடு வீடாக நொச்சிக் கன்று கொடுத்தது. அதன் சத்து இலையைக் கசக்கும்போதும் எரிக்கும்போதும்தான் வெளியே வரும். செடி சும்மா வாசலில் நின்றால் கொசு ஒன்றும் மிரளாது. எரித்தால் வரும் புகையோ பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

உங்கள் பிள்ளையைக் கடித்த ஏடிஸ் வெகுதூரத்திலிருந்து வந்ததல்ல; சில நூறு மீட்டருக்குள் பிறந்ததாகவே இருக்கும். பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டைக் குனிந்து பாருங்கள். நீர்மட்டத்தில் நூல் துண்டுபோலத் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள், உங்கள் நிழல் பட்டதும் நெளிந்து அடிக்கு ஓடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒரு முறை கொட்டிவிட வேண்டும். கொட்டினால் மட்டும் தீராது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கொல்லையில் கிடக்கும் பழைய டயர், இளநீர்க் கூடு, ஆட்டுக்கல் குழி, ஃபிரிட்ஜின் பின்தட்டு எதையும் விடாதீர்கள்.

கொசு மட்டுமல்ல, உண்ணியும் கடிக்கும். குழந்தையைப் புதர் ஓரத்தில், புல்தரையில் உட்கார வைப்பதானால் பாய் விரியுங்கள். அங்கே ஒட்டும் உண்ணி கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. உண்ணிக் காய்ச்சல் தமிழகத்துக்குப் புதிதல்ல. வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டி, அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். சிகரெட் சுட்டதுபோல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்து காய்ச்சலும் வந்தால், அதை மருத்துவரிடம் காட்டுங்கள். காலத்தோடு கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே குணமாகிவிடும்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். சொறியாமலிருக்க நகத்தை வெட்டிவிடுங்கள். சுண்ணாம்பு தடவாதீர்கள், குழந்தையின் தோல் வெந்துவிடும். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே சுரண்டி எடுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இரைத்தால், உடம்பெல்லாம் தடித்தால், அடுத்தடுத்து வாந்தி எடுத்தால், கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் 108ஐ அழையுங்கள்.