எவர்ஸில்வர் கத்திக்கும் துருப் பிடிக்குமா?

என் தகப்பனாரிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அதை அவர் பேனாக்கத்தி என்றே சொல்லுவார். பென்ஸில் சீவுவது, கடித உறை பிரிப்பது, மாங்காய் நறுக்குவது எல்லாம் அதனாலேயே நடைபெறும். முப்பது வருஷ காலம் அது அவருடைய சட்டைப் பையை விட்டு அகன்றதில்லை. நாகப்பட்டினத்து உப்பங்காற்றில் அத்தனை காலம் இருந்தும், அதன் அலகில் ஒரு புள்ளித் துருவை நாங்கள் கண்டதில்லை. எவர்ஸில்வர் கத்திக்கு ஏது துரு என்று சும்மா இருந்துவிட்டோம்.

அவர் காலமான பிறகு, வீட்டில் யாரும் அக்கத்தியைத் தொடலாகாது என்று நான் உத்தரவிட்டேன். அழகிய தோல் உறை ஒன்று வாங்கி, அதிலே கத்தியை இட்டு, பீரோவின் அடித்தட்டில் பத்திரப்படுத்தினேன். ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து, தை மாதத்தில் எடுத்துப் பார்த்தபோது அலகு திறக்கவில்லை. வலிந்து திறந்தேன். கீல் முழுவதும் செந்நிறப் பொடி. அலகிலே அம்மைத் தழும்பு போன்ற சிறு குழிகள்! என் மகன்தான் எடுத்து நனைத்துவிட்டான் என்று கருதி அவனைக் கடிந்துகொண்டேன். அவனோ கத்தியைக் கண்ணாலும் பார்த்ததில்லை. உண்மைக் குற்றவாளி யார் என்று விசாரிக்கப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

1913-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் விரைவில் அரிக்கப்படாதிருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அப்போது நூற்றுக்குச் சுமார் 13 பங்கு குரோமியம் கலந்த எஃகு, அமிலங்களுக்கு எளிதில் வசப்படவில்லை என்பதைக் கண்டார். ஷெபீல்டு கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊராகையால், அவ்வெஃகு விரைவிலேயே கத்தியாயிற்று. ஸ்விட்ஸர்லாந்தில் கார்ல் எல்ஸனர் தொடங்கிய மடக்குக் கத்தித் தொழிற்சாலையும் 1921-இல் இதைக் கைக்கொண்டது. இவ்வெஃகின் பிரெஞ்சுப் பெயர்ச் சுருக்கமாகிய 'இனாக்ஸ்' என்பதைத் தன் பெயரோடு சேர்த்து, 'விக்டோரினாக்ஸ்' என்று வழங்கலாயிற்று.

குரோமியம் செய்யும் உபகாரம் யாது? அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, எஃகின் மேல் மிக மெல்லிய ஆடை ஒன்றைப் போர்த்துகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அவற்றுள் இரண்டு மூன்று பங்கே இருக்கும். இவ்வாடை கீறப்பட்டாலும், காற்றுப் பட்ட மாத்திரத்தில் தானே மீண்டும் உண்டாகிவிடும். ஆகவே துருப்பிடியாத எஃகு, காற்று உள்ளவரையில் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் எஃகு என்பதே சரி.

அப்படியானால் நம் வீட்டு எவர்ஸில்வர் குடத்துக்கு நேராத கேடு கத்திக்கு மட்டும் நேருவானேன்? நல்ல பாத்திரங்களில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. கரியோ மிகமிகச் சொற்பம். அத்தகைய எஃகைக் காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் ஏறாது. கூர் நிற்க வேண்டுமானால் கரி சேர வேண்டும். உயர்ந்த கத்திகளில் நூற்றுக்கு ஒரு பங்கு வரையில்கூடச் சேர்ப்பதுண்டு. அந்தக் கரியோ, தன் எடையைப்போல் பல மடங்கு குரோமியத்தைப் பற்றிக்கொண்டுவிடுகிறது. எஞ்சிய குரோமியமே ஆடை நெய்ய உதவும். கத்தியின் கூர்மைக்கு நாம் கொடுக்கும் விலை இதுவே.

இனி, பகைவர் யார் என்று பார்ப்போம். முதற் பகை உப்பு. கடற்காற்றிலும் நம் வியர்வையிலும் உள்ள உப்பு அவ்வாடையை ஊசி முனையளவு துளைத்து, உள்ளே குழி பறிக்கும். இரண்டாவது பகை காற்றுப் புகாத ஈரம். கீலின் இடுக்கில் ஜலம் தங்கிவிட்டால், அங்குள்ள பிராணவாயு தீர்ந்துபோய், கிழிந்த ஆடை மீண்டும் உண்டாவதில்லை. தோல் உறையோ இவ்விரு பகைவருக்கும் வீடு கொடுப்பது. பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் உண்டு. மழைக்காலத்து ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆக, குற்றவாளி நானே!

நிற்க. பரிகாரம் மிகவும் சுலபம். எலுமிச்சை, மாங்காய், உப்பு இவை பட்ட கத்தியை உடனே நல்ல தண்ணீரில் கழுவி, எல்லா அலகுகளையும் விரித்துத் துடைத்து, சிறிது நேரம் காற்றாட வைக்க வேண்டும். ஈரத்தோடு மடக்கலாகாது. மாதம் ஒரு முறை கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பலமுறை திறந்து மூடி, மிகுதியைத் துடைத்துவிடுக. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாளடைவில் பிசினாக இறுகிவிடும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் லிக்விட் பாரபின் கெடுவதில்லை. பழம் நறுக்கும் கத்திக்கும் ஏற்றது. நெடுநாள் வைப்பதானால் தோல் உறையை நீக்கி, நன்றாக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் ஸிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைக்கலாம். அப்படி வைத்தாலும் மழைக் காலத்தில் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது நலம்.

துருப் புள்ளி தோன்றிவிட்டால், சமையல் ஸோடாவை நீரில் குழைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் நீங்கும். செங்கற்பொடி அலகைக் கீறும். கீறிய இடத்தில் அழுக்கும் உப்பும் தங்கும். இரும்புக் கம்பிச் சுருளால் தேய்த்தாலோ, அதன் துணுக்குகள் ஒட்டி நின்று தாமே துருப்பிடிக்கும். துணி வெளுக்கும் குளோரின் நீரைக் கத்தியின் அருகிலும் கொண்டுவரலாகாது.

இவற்றையெல்லாம் அறிந்த பின்புதான் என் தகப்பனாரின் வழக்கம் நினைவுக்கு வந்தது. மாங்காய் நறுக்கியதும் கத்தியைக் குழாயடியில் அலம்புவார். வேஷ்டித் தலைப்பால் துடைப்பார். திண்ணையில் விரித்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருப்பார். அவர் ரஸாயனம் படித்தவரல்லர். பட்டம் பெற்ற நான், மரியாதை செய்வதாக எண்ணி, அவருடைய கத்தியை மூச்சு முட்ட வைத்துவிட்டேன்.

துருவைப் போக்கினேன், குழிகள் போகவில்லை. கத்தியை என் மகனிடம் கொடுத்து, கடிந்துகொண்டதற்கு வருத்தமும் தெரிவித்தேன். இப்போது அது தினந்தோறும் பென்ஸில் சீவுகிறது. சென்ற மழைக்காலம் முழுவதும் கீல் தடையின்றித் திறந்தது.