பழைய கோடாலியை நிறுக்குமுன் பாருங்கள்

வியாபாரச் சகோதரர்களே! மன்னாரில் பழைய இரும்போடு வரும் கோடாலியை நிறைக்கு வாங்கி நிறைக்கே விற்றுவிடாதீர்கள். கம்பெனி முத்திரையும் 'மேட் இன் இங்கிலாந்து' எழுத்தும் தெளிவாக இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். சேகரிப்போர் நல்ல விலை தருவார்கள். துருவுக்குக் கிரைண்டர் பிடிக்காதீர்கள்; எழுத்து அழிந்தால் விலையும் போய்விடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தும்பால் தேய்த்தால் போதும். பிடித்துளை வெடித்திருந்தாலோ, பின்புறம் அடிபட்டு மடிந்திருந்தாலோ, வாய் தேய்ந்து குறுகியிருந்தாலோ மதிப்புக் குறையும்.

மாந்தைப் பக்கம் மண்ணில் கிடைத்தது என்று யாரும் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை.

வெடிப்பை வெல்டிங் வைத்து மறைப்பதும் கூடாது. ஈரத் தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். குறையைச் சொல்லி விற்போம். பரக்கத்தை அல்லாஹ் தருவான்.