சாணி உருண்டையும் தயிர்ச் சட்டியும்

மார்கழி பிறந்த நாள் முதலாக, ஹோலி இலை கொழும்பில் எங்கே கிடைக்கும், பைன் காய்க்குப் பதிலாக எதை வைக்கலாம், குளிர்கால அலங்காரம் செய்ய எங்கள் வளவில் ஒன்றுமே இல்லையே என்று வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஒரே வினாவைப் பல உருவங்களில் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகத்தை நிவர்த்தி செய்யும் பொருட்டே இன்றைய காணொளி. கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது, கிளையை எந்த இடத்தில் வெட்டுவது என்பன போன்ற பாலபாடங்களை நான் சொல்லப் போவதில்லை. கறிவேப்பிலை ஒடித்துப் பழகிய கைகளுக்கு அவை தெரிந்தவையே.

நீங்கள் பார்க்கும் அந்த ஐரோப்பியக் காணொளிகளில், பனி மூடிய தோட்டத்தில் இறங்கி, அந்த மாதத்தில் எஞ்சி நிற்கும் இலையையும் காயையும் பொறுக்கி வந்து, அடுக்களையில் கிடந்த பழைய தகரத்தில் சொருகி வைக்கிறாள் ஒரு பெண்மணி. அவள் செய்தது தன் வளவில் இருந்ததைக் கொண்டு செய்த காரியம். அதைப் பார்த்துவிட்டு நாம் அவள் வளவுப் பொருளை விலைக்குத் தேடிப் புறப்படுகிறோம். பொரளையில் கனத்தை மயானத்தை அடுத்துள்ள பூக்கடைகளுக்குப் போய், "குளிர்கால அலங்காரத்துக்கு ஏதேனும் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள், எந்த வீட்டில் சாவு என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

இனி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்கழி மாதத்து வைகறையில் வாசலைப் பெருக்கித் தெளித்து, வெள்ளைக் கோலம் இட்டு, அதன் நடுவே ஒரு பிடி சாணியை உருட்டி வைத்து, அதன் உச்சியில் அன்று காலையில் விரிந்த பூசணிப் பூ ஒன்றைச் செருகும் வழக்கம் தமிழ்நாட்டிலும் நம் யாழ்ப்பாணத்திலும் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறதே, அதைவிடப் பூரணமான குளிர்கால அலங்காரத்தை நான் எந்தத் தேசத்திலும் கண்டதில்லை. பூ, வேலியில் படர்ந்த கொடியினுடையது. பாத்திரம், தொழுவத்தில் கிடந்தது. காம்பை ஈரத்தோடு இறுகப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தும் சக்தி அந்த உருண்டைக்கு உண்டு. வெண்கோலத்தின்மேல் கரும்பச்சை, அதன்மேல் மஞ்சள் என்னும் வர்ணப் பொருத்தமோ தேர்ந்த ஓவியனும் பொறாமைப்படத் தக்கது. உச்சிப் பொழுதுக்குள் பூ கூம்பிவிடும்; உருண்டையை வறட்டியாக்கித் தைப்பொங்கல் அடுப்புக்குச் சேமிக்கிற ஊர்களும் உண்டு. ஒன்றும் வீணாவதில்லை.

அதில் அடங்கிய நியாயம் இதுதான்: பாத்திரம் முதலில், பூ பிறகு. எந்தப் பாத்திரத்தில் நிற்கப்போகிறது என்று தீர்மானிக்காமல் வெட்டிய கிளை, எவ்வளவு அழகாயிருந்தாலும், கடைசியில் பிளாஸ்டிக் வாளியிலேதான் நிற்கும்.

இதே நியாயத்தை இங்கிலாந்தில் நிலைநாட்டியவர் கொன்ஸ்டன்ஸ் ஸ்பிரை என்ற மாது. 1886இல் பிறந்து 1960இல் மறைந்த இவர், கண்ணாடிவீட்டு ரோஜாக்களும் கார்னேஷன்களுமே பூக்கள் என்று செல்வர்கள் கருதியிருந்த காலத்தில், வேலியோரத்துக் காய்களையும், களைச்செடிகளையும், மரக்கறித் தோட்டத்துக் கேல் இலைகளையும் கொண்டுவந்து, குழம்புக் கிண்ணத்திலும் பேக்கிங் தட்டிலும் நிறுத்தி, லண்டன் மாநகரத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பூவலங்காரம் செய்தவரும் அவரே. அந்த விழா விருந்துக்காக அவருடைய சமையற் பள்ளியில் உருவான கோழிப் பதார்த்தம் ஒன்று இன்றும் அந்த நாட்டில் 'கொரனேஷன் சிக்கன்' என்ற பெயரோடு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வாழ்கிறது. ஆறிய கோழியில் மயோனெய்ஸைக் கலந்து, அதில் கொஞ்சம் கறித்தூளையும் தூவி, அப்ரிகொட் பழக்கூழையும் சேர்ப்பார்களாம். நம் கறித்தூளுக்கு நேர்ந்த கதியை நினைத்தால் மனம் பதைக்கிறது. எங்கள் அம்மம்மா இருந்திருந்தால் அந்தச் சட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருப்பார். ஆனால் குழம்புக் கிண்ணத்தில் பூ வைத்தவரை நான் மன்னிக்கிறேன், ஏனெனில் பாத்திரம் முதலில், பூ பிறகு என்பதை அவர் அறிந்திருந்தார்.

சரி, நம் வளவுக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூக்கள் அடிபட்டுப் போயிருக்கும் என்பது மெய். இலைகளோ அந்த மழையால் செழித்து நிற்கும். மதில் ஓரத்துக் குரோட்டன் செடியில் ஒரே கிளையில் மஞ்சளும் சிவப்பும் கரும்பச்சையும் கலந்திருப்பதைக் காணும்போது, இதை வைத்துக்கொண்டு ஹோலிக்கு ஏங்குகிறோமே என்று எனக்குத் தோன்றும். சிங்களத்தில் கொட்டம்பா என்று வழங்கும் கொட்டாங்காய் மரம் உதிர்க்கும் செந்நிற இலைகளைத் தெருவில் பொறுக்கிக்கொள்ளலாம். கமுகின் குலை, மயில்கொன்றையின் காய்ந்த நெற்று, ரம்பைத் தாள், சேம்பிலை, இவை யாவும் பணம் கேட்காதவை. பைன் காயின் கரடுமுரடான தோற்றந்தான் வேண்டுமென்று அடம் பிடிப்போர், சவுக்கு மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சிறு காய்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பூவே வேண்டும் என்பவர்களுக்குச் செவ்வரத்தையைச் சொல்வேன். அது ஒரு நாட் பூ; தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அன்று மாலை வரைதான் இருக்கும். ஆகவே தண்ணீர் பிடிக்காத எந்தப் பொருளும் அதற்குப் பாத்திரமாகலாம். உலர்ந்து விழுந்த தென்னம்பாளையின் மடல் படகு போலிருக்கும். அதன் நடுவே மூன்று செவ்வரத்தையைக் கிடத்திப் பாருங்கள். நத்தார்க் காலத்தில் தொட்டிகளில் விற்கும் பொயின்செட்டியாவும் நல்லதே. அதில் நாம் பூவென்று மயங்கும் சிவப்பு உண்மையில் இலை; நீண்ட இரவுகளைக் கணக்கிட்டுத்தான் அது நிறம் மாறும். கொழும்பில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய முக்கால் மணி நேரமே. நமக்குத் தெரியாத அந்த முக்கால் மணி நேரத்தை அந்தச் செடி அறிகிறது.

பாத்திரங்களில் எனக்குப் பிரியமானது தயிர்ச் சட்டி. எருமைத் தயிரை உண்டு முடித்தபின் குப்பைக்குப் போகும் அந்த மண் சட்டியின் செங்காவி நிறத்துக்கு ஒவ்வாத இலை ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் அதில் தண்ணீர் கசியும்; உள்ளே ஒரு யோகட் கோப்பையை மறைத்து வையுங்கள். மார்மைட் போத்தலுக்கு ஒற்றைக் கிளை, பிஸ்கட் தகரத்துக்கு இலைக் கூட்டம். பாத்திரம் முதலில் என்று சொன்னேன் அல்லவா!

கடைகளில் 'ஒயாசிஸ்' என்று விற்கும் பச்சை நிற நுரைக்கட்டியை வாங்க வேண்டாம். 1954இல் அமெரிக்காவில் பிறந்த அந்தப் பண்டம் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. மண்ணில் மக்காமல் தூள் தூளாகிக் கிடக்கும். ஒரு துண்டு வாழைத்தண்டில் காம்புகளைக் குத்தி நிறுத்தினால் ஈரமும் கிடைக்கும், பிடிப்பும் கிடைக்கும். அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் இருப்பவர் சாணிக்கு எங்கே போவார்? அவருடைய சாணி உருண்டை இந்த வாழைத்தண்டே.

ஒளிப்பதிவு செய்யும் தம்பி கையைக் காட்டுகிறார், நேரம் முடிகிறதாம். முக்கியமானவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாலையிலோ மாலையிலோ வெட்டுங்கள். வெட்டியவற்றைச் சில மணி நேரம் ஆழமான தண்ணீரில் நிறுத்திவிட்டுப் பிறகு அடுக்குங்கள். தண்ணீருக்குள் அமிழும் இலைகளைக் களைந்துவிடுங்கள். பால் வடியும் காம்புகளின் நுனியைச் சில நொடி சுடுநீரில் தோயுங்கள். அந்தப் பால் கண்ணிலோ தோலிலோ படலாகாது. அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். அயலார் வளவில் கேட்டுவிட்டு ஒடியுங்கள். கொழும்பின் ஈரநிலங்களில் எதையும் பிடுங்காதீர்கள், 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை நமக்குத் தந்தவை அவை.

கடைசியாக நுளம்பு. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இந்த நாட்டில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பின் முட்டை ஒரு வாரம், பத்து நாளுக்குள் நுளம்பாகிவிடும். காய்ந்த பாத்திரத்தின் சுவரிலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை ஊற்றிவிட்டு, உட்சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். இயலாதவர்கள் தண்ணீருக்குப் பதிலாக ஈர மணலை நிரப்பிக் காம்புகளை அதில் ஊன்றுங்கள். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டியில் நீங்கள் பூ வைத்திருந்தீர்கள் என்பதற்காகச் சுகாதாரப் பரிசோதகர் விட்டுவிடமாட்டார்.