மொட்டைக் கோபுரமும் பழைய படங்களும்

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் 15 மைல். ரயிலில் ஏறினால் சோழவந்தான், சமயநல்லூர், கூடல்நகர் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழியும். வண்டி வைகைப் பாலத்தின்மேல் தடதடவென்று ஏறும்போது, இடது புறத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கோபுரம் தெரிந்துவிட்டது! மடியிலிருக்கும் குழந்தையின் கைகளையும் பிடித்துக் குவித்து வைப்பார்கள். இப்போது மாடிக் கட்டடங்கள் பெருகிக் கோபுரங்களைக் கண்ணாமூச்சி ஆட வைக்கின்றன. ஆயினும் பழக்கம் போகவில்லை. சிலர் மாடிகளின் முதுகைப் பார்த்தே கும்பிட்டுவிடுகிறார்கள்.

சென்ற மாதம் வாடிப்பட்டியில் உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் ஒரு கட்டுப் படங்கள். எல்லாம் 1858-ஆம் ஆண்டில் மதுரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எடுத்த புகைப்படங்களின் பிரதிகள். மாலை வேளையில் திண்ணையில் நாலைந்து பெரியவர்கள் கூடினார்கள். படங்கள் கைமாறின. அவர்களில் மூத்தவர், எண்பது கடந்தவர், ஒரு படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், தூரத்தில் நீட்டி, மறுபடியும் கண்ணருகே கொண்டுவந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, ஊரிலே ஒரு ஜனத்தைக் கூடக் காணோமே? எல்லாரும் எங்கே போய்விட்டார்கள்?"

நியாயமான கேள்வி. அந்தப் படங்களை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் கும்பினி ராணுவ அதிகாரி. 1822-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சென்னை அரசாங்கம் 1856-ல் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. வடக்கே 1857-ஆம் ஆண்டின் பெருங் கிளர்ச்சி இன்னும் அடங்காதிருந்த சமயத்தில், இவர் பெட்டிகளையும் மருந்துப் புட்டிகளையும் சுமந்துகொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, மதுரை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். அந்தக் காலத்தில் அது சாமான்யமான காரியமன்று.

மெழுகு பூசிய காகிதத்தில் உருவத்தைப் பிடிப்பது அவர் கையாண்ட முறை. பெட்டியின் கண்ணைத் திறந்து வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். கல் அசையாது, ஆகையால் விழும். மனிதன் நடப்பான், ஆகையால் விழமாட்டான். பூக்காரியும், வண்டிக்காரனும், தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிய குடும்பத்தாரும் அந்தப் பெட்டியின் முன் நடந்து சென்றிருப்பார்கள். காகிதத்தில் அவர்கள் ஒரு நிழலாகக்கூடத் தங்கவில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. வானம் வெறிச்சென்று வெளுத்து விழுவதைப் பொறுக்கமாட்டாத டிரைப், சில படங்களில் மேகங்களைத் தம் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். இருந்த மனிதர்கள் மறைந்தார்கள்; இல்லாத மேகங்கள் இடம் பெற்றன! இதைச் சொன்னதும் பெரியவர் பொக்கை வாய் திறந்து சிரித்தார்.

அடுத்த படம் வைகை ஆறு. ஆற்றின் குறுக்கே தாழ்வான கல் பாதை, அக்கரையில் மதுரை. "பாலம் எங்கே?" என்றார் இன்னொருவர். பாலம் 1889-ல் தான் வந்தது. விக்டோரியா ராணியின் பேரன் பெயரால் ஆல்பர்ட் விக்டர் பாலம் என்று அதற்குப் பெயர். ஜனங்கள் அதை ஏ.வி. பாலமாகச் சுருக்கிக்கொண்டார்கள். ராஜகுமாரன் பெயர் இரண்டு எழுத்துக்களில் அடங்கிவிட்டது. இந்தப் படம் எடுத்தபோது ரயிலும் இல்லை. திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப் பாதை வந்தது 1875-ல். பெரியாற்றுத் தண்ணீர் 1895-ல் வந்தது. இன்று வாடிப்பட்டிப் பக்கத்தில் கால்வாய்க் கரையோரம் பச்சைப் பசேலென்று நெல் விளைகிறதே, அந்தப் பச்சைக்கு 37 ஆண்டுகளுக்கு முந்தியது அப்படம். திண்ணையிலிருந்தவர்கள் அதை மற்றப் படங்களைக் காட்டிலும் அதிக நேரம் வைத்துப் பார்த்தார்கள். குடியானவனுக்கு ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்பதில்தானே முதற் கவலை?

பிறகு கோபுரங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மீனாக்ஷியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரத்தை மதுரையில் யாரும் வடக்குக் கோபுரம் என்று சொல்வதில்லை. மொட்டைக் கோபுரம் என்பதே வழக்கு. அங்கே காவலிருக்கும் முனீசுவரருக்கும் மொட்டைக் கோபுர முனீசுவரர் என்றுதான் பெயர். ஆனால் இன்று வடக்காடி வீதியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்தக் கோபுரம் எந்த விதத்திலும் மொட்டையாகத் தோன்றாது. மற்றவற்றைப் போலவே உச்சியும் கலசங்களுமாக நிற்கிறது. பெயர் மட்டும் ஏன் இப்படி?

நாயக்கர் காலத்தில் அடியெடுத்த அக்கோபுரம் மேல்நிலை முடியாமலே மூன்று நூற்றாண்டு கிடந்தது. தேவகோட்டை நகரத்தார் குடும்பம் ஒன்று 1878-ல் அதை முடித்துத் தந்தது. தாது வருஷத்துப் பஞ்சம் தமிழ்நாட்டை உலுக்கிவிட்டுப் போன மறு வருஷம் அது. ஆகவே 1858-ல் மதுரைக்கு வந்த டிரைப் கண்டது உண்மையிலேயே மொட்டையான கோபுரத்தை. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையை, ஊராரின் வாய் மட்டும் விடாமல் காத்து வருகிறது. காகிதத்தில் எடுத்த படத்துக்கு இளைத்ததல்ல இந்தச் சொல்லில் எடுத்த படம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முடியாமலே நின்றுவிட்டது ராயகோபுரம். புது மண்டபத்துக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் ஆரம்பித்தது. மேலே எழும்பியிருந்தால் மதுரைக் கோபுரங்கள் அனைத்தையும் குனிந்து பார்த்திருக்கும். ஒரே கல்லாலான நெடிய தூண்களோடு நின்றுவிட்டது. அத்தூண் ஒன்றின் அடிப்பாகச் சிற்ப வேலையை டிரைப் தனியாகப் படம் பிடித்தார். இன்று அங்கே போனால் கடைகளுக்கு நடுவில் அந்தத் தூண்களைத் தேடவேண்டும். பாத்திரம் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி சாய்ந்து நின்று பேரம் பேசிக்கொண்டிருந்த கல்தான் ராயகோபுரம் என்று கண்டுகொள்ள எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

டிரைப் எடுத்த இன்னொரு படத்தை வாசகர்கள் அவசியம் பார்க்கவேண்டும். பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் ஞாபகார்த்தமாக எழுப்பிய விளக்குத் தம்பம் அது. 1834 முதல் 1847 வரையில் கலெக்டராயிருந்த இந்தத் துரைதான் மதுரைக் கோட்டை மதிலை இடிக்கச் செய்தவர். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே மனை என்பது ஏற்பாடு. ஊர் அதனால் விரிந்தது, காற்றும் வெளிச்சமும் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. கோட்டை போயிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை; பெரியார் பஸ் நிலையத்தருகே ஒரு கொத்தளம் மட்டும் சாட்சியாக நிற்கிறது. அளவு பிடித்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தத்தம் பெயரில் வீதிகளைப் பெற்றுவிட்டார்கள். கலெக்டர் துரையின் கதி என்ன? தம்பத்தில் துரையின் பெயர் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் விளக்குத்தூண். ஆட்டோக்காரரிடம் 'பிளாக்பர்ன் தம்பம்' என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். விளக்குத்தூண் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவார்.

இங்கிலாந்தில் இத்தகைய படங்களின் விதி வேறாயிருந்தது. பிரான்ஸிஸ் பிரித் என்பவர் 1860-ல் ரைகேட் என்னும் ஊரில் ஒரு கம்பெனி தொடங்கி, நகரம் கிராமம் எல்லாவற்றையும் படம் பிடித்து விற்கலானார். மாதாகோயில் கோபுரமும் கடைத்தெருவும் சாதாரணக் குடும்பங்களின் ஆல்பத்தில் இடம் பெற்றன. 1940 நவம்பர் 14-ஆம் தேதி இரவு ஜெர்மானியர் குண்டு வீசியதில் காவென்ட்ரி நகரத்துப் பேராலயம் எரிந்து, கோபுரமும் வெளிச்சுவர்களும் மட்டும் மிஞ்சின. இழந்த பிறகுதான் மற்றவற்றின் மேல் அக்கறை பிறக்கிறது போலும். மறு வருஷமே, அபாயத்திலிருக்கும் கட்டடங்களைப் படமெடுத்துச் சேர்க்க அந்நாட்டார் ஒரு தேசிய ஸ்தாபனம் அமைத்தார்கள்.

நம்முடைய படங்களை எடுக்கச் சொன்னது அரசாங்கம். எடுத்ததும் அரசாங்கக் கட்டுக்குள் போயின. கவர்னர் டிரெவெலியன் 1859-ல் இதை வீண் ஆடம்பரச் செலவென்று கருதி வேலையையே நிறுத்திவிட்டார். டிரைப் எடுத்தவை லண்டன் நகரத்துப் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையிலும் பத்திரமாயிருக்கின்றன. 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள். பத்திரமாக வைத்தவர்களுக்கு நன்றி சொல்லவேண்டியதுதான். ஆனால் ஒரு சங்கதி. படத்தின் கீழே இருக்கும் குறிப்புகள் வெள்ளைக்கார அதிகாரி கேட்டறிந்து எழுதியவை. பெயர்கள் அவர்கள் காதில் விழுந்தபடி உருமாறிக் கிடக்கின்றன. இந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லவேண்டியது எதுவும் அங்கே இல்லை.

அப்படி ஒன்று அன்று மாலை கிடைத்தது. கீழைக் கோபுரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது மூத்தவர் தம் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். கோயிலுக்குள் அனுமதிக்காத குலத்தில் பிறந்தவர் பாட்டனார். சித்திரைத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் கட்டுச் சோறு கட்டிக்கொண்டு வாடிப்பட்டியிலிருந்து நடந்தே போவாராம். கோபுரத்துக்கு எதிரே வீதியில் நின்று கும்பிடுவார், அங்கேயே சூடம் கொளுத்துவார், திரும்பிவிடுவார். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு மேல் ஓர் அடி வைக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களுக்குக் கோபுரமே தெய்வம், வீதியே சந்நிதி.

1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை வைத்தியநாதய்யர், கக்கன் முதலியோரை அழைத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குள் பிரவேசித்தார். எதிர்ப்பு பலமாயிருந்தது, ராஜாஜியின் அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பித்து ஆலயப் பிரவேசத்துக்குப் பாதுகாப்பளித்தது. சில மாதங்கள் கழித்துப் பாட்டனார் உள்ளே போனாராம்.

"உள்ளே போய் வந்து என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வெளியே வந்து, பழைய இடத்திலேயே நின்று கோபுரத்தையும் ஒரு தடவை கும்பிட்டாராம். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டதாயிற்றே, சொல்லிக்கொள்ளாமல் போகலாமா என்றாராம்."

சிறிது நேரம் திண்ணையில் யாரும் பேசவில்லை. உள்ளேயிருந்து காபி வந்தது.

புறப்படும்போது பெரியவர் வைகைப் படத்தைத் தாம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த பேத்தியைக் கூப்பிட்டு, படத்தின் பின்புறம் எழுதச் சொன்னார். அந்தப் பெண் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். ஆற்றைக் கடந்த இடம், கட்டுச் சோறு அவிழ்த்த மண்டபம், சூடம் கொளுத்திய வீதி மூலை. இடம் போதவில்லை. ஓரத்தில் திருப்பி எழுதினாள்.