பெருமைன்னா சென்னை, குற்றம்னா வடசென்னையா? ஓர் ஊரின் முகத்தைச் செய்தியும் சினிமாவும் வரைவது எப்படி?

"வீடு எங்க?" என்று கேட்பார்கள். காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர் என்று பதில் சொன்னதும் எதிரில் இருப்பவரிடமிருந்து ஒரு "ஓ..." வரும். வேலைக்கான இன்டர்வியூவிலும் வரும், வரன் பேசும் இடத்திலும் வரும். அந்தப் பக்கம் ஒருநாளும் போகாதவர்களும் அந்த "ஓ"வைப் போடுகிறார்கள்.

போகாத ஊரைப் பற்றி இவ்வளவு உறுதியான கருத்து எப்படி வந்தது? பெரும்பாலும் செய்தியும் சினிமாவும் சொன்ன கதைகள் வழியாகத்தான். அது எப்படி நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன இழப்பு? விரிவாகப் பார்ப்போம்.

பார்க்காதவர்கள் 'நாம்' ஆவது எப்படி?

ஒரு நாட்டில் இருக்கும் பெரும்பாலானவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கப் போவதே இல்லை. ஆனாலும் 'நாம்' என்ற உணர்வு இருக்கிறது. இது எப்படி என்று 1983-ல் வெளியான ஒரு நூலில் விளக்கினார் பெனடிக்ட் ஆண்டர்சன். அச்சில் வந்த செய்தித்தாளுக்கும் நாவலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பது அவர் வாதம். ஒரே செய்தியை ஒரே காலையில் படிக்கிறவர்கள், தங்களை ஒரே கூட்டமாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1878-ல் டி.முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர்கள் நடத்திய பத்திரிகைகள் அதை எதிர்த்தன. பதில் சொல்ல இந்தியர்களிடம் வலுவான பத்திரிகை இல்லை. ஜி.சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் சேர்ந்து 'தி ஹிந்து'வைத் தொடங்கினார்கள். முதல் இதழ் அச்சானது வெறும் 80 பிரதிகள். அச்சிட்ட இடம், அன்று 'கறுப்பர் நகரம்' என்று அழைக்கப்பட்ட பகுதியின் தங்கசாலைத் தெரு. அதாவது, இன்றைய வடசென்னை. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தமிழில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையையும் தொடங்கினார்.

நம்மைப் பற்றி அடுத்தவன் எழுதினால் போதாது, நாமே எழுத வேண்டும் என்ற எண்ணத்துக்கு அச்சு கிடைத்த பகுதி அது. இன்று அதே வடசென்னையைப் பற்றி மற்றவர்கள்தான் அதிகம் எழுதுகிறார்கள்.

எது 'சென்னை', எது 'வடசென்னை'?

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் முக்கியமான சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918-ல் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து உருவானது. எம்.ஆர்.எஃப் 1946-ல் சிறிய பலூன் தொழிற்கூடமாக ஆரம்பித்ததும், ராயல் என்ஃபீல்டு புல்லட் 1955 முதல் இந்தியாவில் உருவானதும் திருவொற்றியூரில். எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை, அதைத் தாண்டினால் காமராஜர் துறைமுகம்.

புல்லட்டைப் பற்றிப் பேசும்போது அது "சென்னையில் தயாராகும் பைக்". அசோக் லேலண்ட் "சென்னை நிறுவனம்". ஆனால், வெட்டுக்குத்து என்றால் மட்டும் "வடசென்னையில் பயங்கரம்". அடையாறில் கொலை நடந்தால் "தென்சென்னையில் பயங்கரம்" என்று தலைப்பு வைப்பது அபூர்வம். பெருமை மொத்த ஊருக்கும் போய்விடுகிறது, பழி மட்டும் ஏரியாவோடு நின்றுவிடுகிறது. டிவி சேனல்களும் இதில் விதிவிலக்கு இல்லை.

சினிமா மட்டும்தான் காரணமா?

முழுப் பழியையும் சினிமா மீது போட முடியாது. பா.இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படத்தின் நாயகன் ஹவுசிங் போர்டில் வாழும் ஐ.டி ஊழியர். 'சார்பட்டா பரம்பரை' (2021) 1970-களின் குத்துச்சண்டை மரபையும் துறைமுகத் தொழிலாளியையும் திரைக்குக் கொண்டுவந்தது.

வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) வெளியானபோது, தங்களைத் தவறாகக் காட்டியிருப்பதாக மீனவ மக்களிடம் இருந்து எதிர்ப்பு வந்தது. இயக்குநர் வருத்தம் தெரிவித்தார், படகில் வரும் காட்சி நீக்கப்பட்டது. அதே படத்தின் மையப் பிரச்னை, வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் மீனவர்களின் நிலம் பறிபோவது. ஆனால், படம் பார்த்த பலருக்கு ஞாபகம் இருப்பது கத்தியும் ஜெயிலும்தான். கதையில் எல்லாம் இருந்தாலும், ஏற்கெனவே மனதில் இருக்கும் படத்துக்குப் பொருந்துவது மட்டும் தங்கிவிடுகிறது.

கேமரா வந்தால் என்ன மாறும்?

2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்பதுதான் துறைமுகத்தின் முதல் அறிவிப்பு. பிறகு எர்ணாவூர் கரையில் கறுப்பு எண்ணெய் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் பணியாளர்களும் பக்கெட்டில் எண்ணெயை அள்ளும் காட்சிகள் நாடு முழுக்கப் பரவின. "மாசு இல்லை" என்ற கதை அதன் பிறகு நிற்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்துவந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. செய்திகளின் அடிப்படையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே கடலுக்கு அடியில் செல்லும் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறலோடு மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

அன்று எல்லா சேனல்களிலும் எண்ணூர்தான். அதன் பிறகு ஆலைக்கு எதிராக மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அந்த நாட்களுக்கு 'பிரேக்கிங்' கிடையாது.

இழப்பு யாருக்கு?

ஓர் ஏரியா என்றாலே ரவுடி, அழுக்கு என்று பதிந்துவிட்டால், அங்கே சாம்பல் பறப்பதும் வாயு கசிவதும் "அந்த ஏரியா அப்படித்தான்" என்று ஆகிவிடுகிறது. வேறு பகுதியில் நடந்தால் அதிர்ச்சியாகும் விஷயம், இங்கே இயல்பாகிவிடும். அனல் மின் நிலையத்தின் மின்சாரம் எல்லோருக்கும் போகிறது. அதன் சாம்பல் கலந்த கழிமுகத்தில் இறால் தேடுவது எண்ணூர்க்காரர்கள்தான். துறைமுகம் எத்தனை டன் சரக்கைக் கையாண்டது என்பது நாட்டின் வளர்ச்சிக் கதையில் இடம்பிடிக்கும். வலையில் மீன் குறைந்தது இடம்பிடிக்காது. அப்படிப் பார்த்தால் இது ஒரு ஏரியாவின் பிரச்னை மட்டும் இல்லை. நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையே பாதிதான்.

ஒரு சொல்லை மீட்ட பாட்டு

2017 ஜனவரியில், கப்பல் விபத்துக்குச் சில நாட்கள் முன்பு, 'சென்னை புறம்போக்கு பாடல்' வெளியானது. கபேர் வாசுகி எழுத, எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடினார் டி.எம்.கிருஷ்ணா. 'புறம்போக்கு' என்பது இன்று திட்டும் வார்த்தை. உண்மையில் அது நீர்நிலை, மேய்ச்சல் நிலம் போல யாருக்கும் பட்டா போடாத, ஊருக்கே பொதுவான நிலத்தைக் குறிக்கும் சொல். பொது நிலத்தின் பெயரே வசையாகிப்போனால், அதை ஆக்கிரமிப்பதும் எளிதாகிவிடும். அந்தப் பாட்டு தொட்டது இந்த இடத்தைத்தான்.

எதைக் கவனிக்கலாம்?

அடுத்த முறை வடசென்னை பற்றி ஒரு செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஏரியா பெயர் அந்தச் செய்திக்குத் தேவைதானா? போலீஸ், அதிகாரி, நிறுவனம் தவிர அங்கே வாழ்பவர் யாராவது பேசியிருக்கிறாரா? அசம்பாவிதம் நடந்து ஒரு மாதம் கழித்து அதே தெருவில் இருந்து ஏதாவது செய்தி வந்ததா? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் "இல்லை" என்று பதில் வரும்.