வடக்கன்குளத்துச் சுவர்

“வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு வேதத்தையும் சமத்துவத்தையும் கொடுத்தான்” என்பார் எங்கள் பெரியப்பா. “ஒன்றாய்க் கிடந்த ஊரைப் பிரித்தவனே அவன்தான்” என்பார் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. காரணம், வடக்கன்குளம்.

காவல்கிணற்றுக்குப் பக்கத்து ஊர். அங்கே 1870களில் எழும்பிய திருக்குடும்பக் கோயிலில் பீடம் ஒன்று, மண்டபம் இரண்டு. கால்சட்டையின் இரு கால்கள் போலப் பிரிந்து போகும். அன்று ஒன்றில் பிள்ளைமாரும் முதலிமாரும், மற்றதில் நாடார் முதலானோர். பூசை வைக்கும் சாமியார் பொது. சனங்கள்தாம் கலக்கக் கூடாது.

கட்டிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள். கேட்டு வாங்கியவர்கள் நம்மவர்கள். மறுத்தால் ‘உயர்ந்த’ சாதிக்காரர்கள் வேறு சபைக்குப் போய்விடுவார்களே என்ற பயம் குருக்களுக்கு. இந்தச் சமரசம் புதிதும் அல்ல. பறையர் குடிசைக்குள் போய்ச் சாவு மந்திரிப்புக் கொடுக்கத் தயங்கிய பழைய மிஷனரிகளுக்கு 1744-இல் பாப்பரசர் 14-ஆம் பெனடிக்ட் ஒப்புக்கொண்ட வழி, அந்த மக்களுக்கென்று தனிக் குருக்கள்! அடுத்த ஆண்டே இதே வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்தான் தேவசகாயம். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர் என்று இன்று புனிதராகப் போற்றப்படுகிறவர். அவர் பெயரின் வாலில் இருந்த ‘பிள்ளை’யை எடுக்க வத்திக்கானுக்கு 2020 வரை ஆகியிருக்கிறது.

கோயிலின் இரு மண்டபங்களையும் பிரித்த தடுப்பை 1910-இல் இடித்தவர் கௌசானல் சாமியார். அவரும் பிரெஞ்சுக்காரர்தான். ஒரே சபை, ஒரே அங்கி. முன்னவர்கள் கட்டினார்கள், இவர் இடித்தார். பிள்ளைமாரும் முதலிமாரும் சும்மா இருக்கவில்லை. தனியிடம் எங்கள் உரிமை, அவர்கள் வந்தால் தீட்டு என்று ஆயர் மீதே வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. கிறிஸ்தவர்களுக்குள் தீட்டு என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஆங்கிலேயர் நீதிமன்றம் நமக்கு நியாயம் வழங்கியது என்று கொண்டாடலாம்தான். வேதம் படித்தவர்களுக்குத் தீட்டு இல்லை என்று சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டதே!

அந்த வெற்றியைப் பெருமையாகப் பேசும் நாடார் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஞாயிறு பூசை முடிந்து வந்து, கொல்லைப்புறத்தில் வேலைக்கு வருகிறவருக்குத் தனிக் கிளாஸில் காப்பி ஊற்றியதும் அதே வீடுதான். அவரும் ஞானஸ்நானம் பெற்றவர்.

வெள்ளைக்காரன் போன பிறகு, 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரை. தலித் கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. கோயிலில் அவரைத் தள்ளி நிறுத்திய சாதி, அரசாங்கத் தாளில் மட்டும் காணாமல் போய்விடுகிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் 2004-இல் மனுப் போட்டார்கள். மத்திய அரசு ஆராய்வதற்கென ஓர் ஆணையம் அமைத்தது 2022-இல்.