பெட்டி பூப் யாருடைய சாயல்? 1932-லேயே கோர்ட் படியேறிய கார்ட்டூன் கதை!

டிஸ்னியின் அலாவுதீன் முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸை மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள். அதில் ஹீரோ களை இல்லை என்று மேலிடம் சொல்ல, 1992-ல் ரிலீஸான படத்தில் டாம் குரூஸ் சாயல் வந்து சேர்ந்தது. 'தி லிட்டில் மெர்மெய்ட்' வில்லி உர்சுலாவுக்கு முன்மாதிரி, பெண் வேடங்களில் கலக்கிய அமெரிக்கக் கலைஞர் டிவைன். 1988 மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். படம் வந்ததோ 1989 நவம்பரில்!

சரி, தன் சாயலைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு பிரபலம் கேஸே போட்டால்? அதுவும் நடந்திருக்கு.

யார் இந்த ஹெலன் கேன்?

1928-ல் அமெரிக்காவில் ஹிட் பாடகி. குழந்தைக் குரலில் பாடி, நடுநடுவே 'பூப்-பூப்-அ-டூப்' என்று சேர்ப்பதுதான் இவரது ஸ்டைல். 1930-ல் மேக்ஸ் ஃபிளைஷரின் ஸ்டூடியோவில் பிறந்த பெட்டி பூப்பும் அதையே செய்தது. அதே உருண்டை முகம், அதே சுருட்டை முடி. பெட்டிக்குக் குரல் கொடுத்தவர்களில் பிரபலமான மே குவெஸ்டல், டீன் ஏஜில் ஹெலன் கேனைப் போலவே பாடும் போட்டியில் ஜெயித்தவர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

1932-ல் ஃபிளைஷர் மீதும் பாராமவுண்ட் மீதும் 2,50,000 டாலர் கேட்டு வழக்கு போட்டார் ஹெலன்.

கேஸ் எப்படித் தோற்றது?

பேபி எஸ்தர் என்ற கறுப்பினச் சிறுமி, ஹெலனுக்கு முன்பே இப்படிப் பாடியதாக அவரது மேனேஜர் சாட்சி சொன்னார். அந்தச் சிறுமியின் நிகழ்ச்சியை நியூயார்க் கிளப் ஒன்றில் ஹெலன் நேரில் பார்த்தார் என்றும் சொன்னார். எஸ்தர் பாடிய ஃபிலிமும் கோர்ட்டில் ஓடியது. அந்த ஸ்டைலை உருவாக்கியதே ஹெலன்தான் என்பது நிரூபணமாகவில்லை என்று 1934-ல் தீர்ப்பு வந்தது.

பெட்டி பூப்பே எஸ்தரைப் பார்த்து வரைந்ததுதான் என்று சோஷியல் மீடியாவில் சுற்றுகிறதே, அது தவறு. எஸ்தர் பெயர் அடிபட்டது பாடும் ஸ்டைலுக்காக மட்டும்தான். வழக்கில் அவர் ஒரு தரப்பே அல்ல. அவருக்கு இதனால் ஒரு டாலரும் வரவில்லை.

பெட்டி முழுக்க கற்பனை என்றே ஃபிளைஷர் தரப்பு வாதாடியது. ஆனால் முதன்முதலில் பெட்டியை வரைந்த கிரிம் நாட்விக், ஹெலன் கேனின் படத்தைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.